ஈப்பிடிப்பானுக்கு ஒரு சாட்சி

தூத்துக்குடி,
1946 மார்ச் 30.

அன்பு மகன் ஞானசிகாமணிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் எங்களை இதுவரை ஒரு குறையும் இல்லாமல் நடத்தி வருகிறார், அந்தப் பெரிய பட்டணத்தில் உன்னையும் அப்படியே காத்துக்கொள்ளும்படி காலையும் மாலையும் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன மாதம் பம்பாயில் கப்பற்படைக் கலகம், துப்பாக்கிச் சூடு என்று பேப்பரில் வந்ததிலிருந்து உன் கடிதம் கைக்குக் கிடைக்கிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா மட்டும் ஒன்றும் நடக்காதது போலத் துறைமுக ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தார், ஆனால் போஸ்ட்மேன் வருகிற நேரம் பார்த்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பார். அவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் தங்கை கிருபைக்கு ஏழு மாதம் ஆகிறது, ஈஸ்டர் கழிந்ததும் சாத்தான்குளத்துக்குப் போய் அழைத்து வரவேண்டும். ரேஷன் அரிசியை இன்னும் குறைத்துவிட்டார்கள், அதிலும் பாதி கல். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கல் பொறுக்குகிற நேரத்தில் இன்னொரு வகுப்பு நடத்திவிடலாம்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஜனவரியில் அனுப்பிய தாள் பத்திரமாக இருக்கிறது. போன வருஷம் மார்ச்சில் லீவில் வந்திருந்தபோது நம் புறவாசல் வேம்பில் நீ பார்த்தது அபூர்வமான காஷ்மீர் ஈப்பிடிப்பான் குருவிதான், ஞானசிகாமணியின் தாயாராகிய நானும் அதை என் கண்ணால் பார்த்தேன், மார்பின் இரண்டு ஓரத்திலும் கருப்பு இருந்தது என்று நீயே இங்கிலீஷில் எழுதி, அடியில் நான் கையெழுத்துப் போடக் கோடும் இழுத்து அனுப்பியிருந்தாய். இரண்டாவது சாட்சி இல்லாவிட்டால் உன் குறிப்பை உங்கள் பறவைப் பத்திரிகையில் போடமுடியாது என்று உன் ஆபீஸ் துரை சொன்னதையும், வெயிலில் கண் கூசி ஊரில் திரிகிற சாதாரணச் செந்தொண்டைக் குருவியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் சிரித்ததையும் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்கும் உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் உடனே கையெழுத்துப் போடவில்லை. பெற்ற தாயே தாமதம் பண்ணுகிறாள், இன்னும் ஒரு மாதத்தில் தாள் வராவிட்டால் ராஜினாமாவை அவர் மேஜையில் வீசிவிட்டு ரயில் ஏறுவேன் என்று இப்போது வந்த கடிதத்தில் எழுதியிருக்கிறாய். தாமதம் பண்ணியது உண்மைதான். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. பாதியில் கசக்கி எறிந்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

அந்தக் குருவி இந்த வருஷமும் வந்தது. போன அக்டோபரில் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதே குருவிதான் என்று எப்படிச் சொல்கிறாய் என்று நீ மடக்குவாய் என்பதால் அதை முதலில் எழுதுகிறேன். வலது காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் உட்காருகிறது, விரல் கோணல் என்று போன வருஷம் நீதான் எனக்குக் காட்டினாய். அதே கோணல் கால், அதே வேம்பு, கிணற்றுப் பக்கம் நீண்டிருக்கிற அதே பட்டுப்போன கிளை. அங்கிருந்து பறந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் அங்கேயே வந்து உட்கார்ந்து வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டும், வாலின் அடியில் இரண்டு பக்கமும் வெள்ளை தெரியும். அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதனால்தான் உன் தாள் வந்ததும், பழைய ஞாபகத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவானேன், குருவி கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது, நன்றாகப் பார்த்து எழுதிக் கொடுத்தால் அந்தத் துரை வாயைத் திறக்கமுடியாது என்று நினைத்தேன். நான் ஒரு காரியத்தைத் தொட்டால் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. துறைமுக ஆபீசில் கழித்துப் போட்டதென்று உன் அப்பா கொண்டுவந்த கப்பல் பார்க்கிற தூரக்கண்ணாடியைச் சமையலறை ஜன்னலில் வைத்து, நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அடையாளங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு, இட்லிக்கு ஆட்டுகிற நேரத்தைக்கூட விட்டுவைக்காமல் பார்த்தேன்.

பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் குறைந்தது. உன் தாளில் என்ன இருக்கிறது? சிவப்பு தொண்டையோடு நிற்காமல் மார்பெல்லாம் இறங்கி விலாவரை போகும், அந்தச் சிவப்புக்குக் கரை கட்டினது போலக் கழுத்திலிருந்து மார்பின் இரண்டு ஓரமும் கருப்பு இருக்கும், முதுகும் நல்ல அடர்ந்த சாம்பல். இங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கோ சிவப்பு தொண்டையில் மட்டும், அதுவும் ஆரஞ்சு. அதற்கு இரண்டு பக்கமும் சாம்பல், கீழே அழுக்கு வெள்ளை. கருப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், மழை பெய்து ஓய்ந்த வெளிச்சத்திலும் பார்த்தேன். குரலையும் விடவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி ட்ர்ர்ர் ட்ர்ர்ர் என்று உலர்ந்த சத்தம், சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் அதிகம். காஷ்மீர்க்காரன் ‘சக்’கென்று வெட்டினது போல ஒரு சத்தமும் கொடுப்பான் என்று நீ எழுதியிருக்கிறாய், இந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படி ஒரு சத்தம் என் காதில் விழவில்லை. ஆனாலும் இரண்டு பேருமே ட்ர்ர்ர் சொல்லுகிறவர்கள்தான் என்று நீயே எழுதியிருப்பதால் குரலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உன் அப்பாவுக்கு என் மேல் ஒரே கோபம். ஏளா, நீயும் போன வருசம் கண்ணால பாத்தவதான, கருப்பு இருந்துச்சுன்னு நீதான எங்கிட்டயும் சொன்ன, பிள்ள என்ன பொய்யா எழுதச் சொல்லுதான், உள்ளதத்தான எழுதச் சொல்லுதான், ஒரு கையெழுத்துப் போடதுக்கு உனக்கு என்ன வலிக்கி என்று சாப்பிடுகிறபோதெல்லாம் சண்டை. அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. போன வருஷம் உன் பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன், கருப்பைப் பார்த்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. உன் தாளில் இருக்கிற ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு உண்மைதான். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பொய்யாக இருந்தால் மாட்டேன் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

அப்படி இருக்கும்போது இந்த மாதம் பிறந்தது. நம் வேலிக்குப் பின்னால் இருக்கிற பனைவிளையைச் சங்கரலிங்கம் இந்த வருஷமும் பாட்டத்துக்கு எடுத்திருக்கிறான். அவன் ஏறிப் பதநீர் இறக்குவதும் அவன் மனைவி சந்தனமாரி விடிலிக் குடிசையில் அடுப்பு மூட்டிக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவதும் ஆரம்பித்தாயிற்று, புகை முழுக்க நம் சமையலறைக்குத்தான். பதநீர் வாசம் வந்ததும் ஊரில் உள்ள ஈயெல்லாம் அந்த விடிலியைத்தான் மொய்த்தது. நம் குருவியும் வேம்பை விட்டுவிட்டு அங்கே குடி போய்விட்டது. அது திரும்பி வந்து கிளையில் உட்கார்ந்த ஒரு காலையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறேன், கழுத்தின் இரண்டு ஓரத்திலும் கருப்பு! நான் சத்தம் போட்டதில் உன் அப்பா பல் தேய்த்த வாயோடு ஓடி வந்தார். அவருக்கும் காட்டினேன். அவர் உள்ளே போய் உன் தாளையும் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். குளிர் போனதும் இறகு மாறிக் கருப்பு வருகிறது, என் மகன் சொன்னதுதான் சரி என்று நானும் மூடியைத் திருகிவிட்டேன்.

அப்போது அது கிணற்றடிக்கு இறங்கியது. துவைகல்லுக்குப் பக்கத்தில் கோழிக்கு வைத்திருக்கிற தண்ணீர்ச் சட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு உள்ளே இறங்கி, தலையை முக்கி முக்கிச் சிறகை அடித்துக் குளித்தது. குளித்துவிட்டு வேலியில் உட்கார்ந்து கோதிவிட்டுக்கொண்டது. நான் பேனாவைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு பக்கத்துக் கருப்பு போய்விட்டது. மறு பக்கம் பாதி போய்ச் சேறு மாதிரி கலங்கி நின்றது. இறகின் நிறம் தண்ணீரில் கரையுமா, நீயே சொல். ஞானசிகாமணி, எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. நீ சொன்னது சரியாக இருக்கவேண்டும் என்று இந்த லெந்து தவநாளெல்லாம் நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன், உன் தப்பைப் பிடிக்கவேண்டும் என்று வேண்டாத ஆளாக இருந்தா தேடினேன்?

அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு விடிலிக்குப் போனேன். புகை போவதற்காக ஓலைத் தட்டியின் மேலே ஒரு சின்ன ஓட்டை விட்டிருக்கிறார்கள், வருஷக்கணக்கான கரி அதன் ஓரமெல்லாம் அப்பிக் கிடக்கிறது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே நம் ஆள் அந்த ஓட்டைக்குள் உடம்பை நெருக்கி நுழைந்தார், உள்ளே ஈயைப் பிடித்தார், அதே வழியாக நெருக்கிக்கொண்டு வெளியே வந்தார். போகிறபோதும் வருகிறபோதும் கழுத்தின் இரண்டு பக்கமும் கரியில் தேய்கிறது. நான் எட்டி விரலை வைத்துப் பார்த்தேன், விரல் மை தொட்டது போல் ஆயிற்று. சிவப்பு மார்பு முழுக்க இறங்கியதாக நமக்குத் தெரிந்தது எப்படி என்பதும் அங்கேதான் எனக்கு விளங்கியது. அது உள்ளே குறுக்குக் கம்பில் உட்காரும்போது கீழே அடுப்பு எரிகிறது, அந்த வெளிச்சம் வயிறுவரை ஏறி வெள்ளையெல்லாம் சிவப்பாகத் தெரிகிறது. போன வருஷம் நாம் இரண்டு பேரும் விடியற்காலையில் வேலியோரம் நின்று தட்டி இடுக்கு வழியாகத்தானே அதன் மார்பைப் பார்த்தோம், மரத்தில் பார்த்தது கழுத்தை மட்டும்தானே. யோசித்துப் பார்.

இதோடு நிறுத்தினால் நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அது வேறு கரி, இது வேறு கருப்பு, உள்ளே இறகும் மாறிக்கொண்டிருக்கிறது என்று வக்கீல் மாதிரி பேசுவாய். அதனால் சந்தனமாரியிடம் அந்த ஓட்டையைச் சுற்றி இருக்கிற பழைய ஓலையைப் பிய்த்துவிட்டுப் பச்சை ஓலை வைத்துக் கட்டச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்கவேண்டும். என்ன டீச்சரம்மா, ஒரு குருவி சட்டையில கரி படுதுன்னா எங் கூரையப் பிக்கச் சொல்லுதிய, எஞ் சேலையப் பாருங்க, இதுக்கு யாரு பச்ச ஓல கட்டுதா என்று கேட்டாள். பிறகு சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டு அவளே கட்டவும் வைத்தாள், டீச்சரம்மாவுக்கு மண்டையில வெயில்பட்டுப் போச்சு போல என்று அவனிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. பச்சை ஓலை கட்டிய பிறகு குருவி முன்போலவே போய் வந்தது, ஈயும் முன்போலவே மொய்த்தது, ஆனால் கருப்பு நாளுக்கு நாள் மங்கி, நேற்றுக் காலையில் அக்டோபரில் வந்த அதே சாம்பல் கழுத்தோடு வேம்பில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே நான் தைரியமாகச் சொல்கிறேன், அது சாதாரணச் செந்தொண்டைக் குருவி. காஷ்மீர்க்காரன் இல்லை. உன் துரை குருவிக்குச் சொன்ன பேர் சரி, அதற்குச் சொன்ன காரணம் தப்பு. உன் கண் கூசவும் இல்லை, நீ கற்பனை பண்ணவும் இல்லை. கருப்பு இருந்தது, நீ பார்த்தாய், நானும் பார்த்தேன். அது இறகில் விளைந்த கருப்பா, மேலே ஒட்டின கருப்பா என்றுதான் நாம் கேட்கவில்லை. இதை அவரிடம் நீயே போய்ச் சொல், அவர் கண்டுபிடித்துச் சொல்லுகிறவரை காத்திருக்காதே. உன் குறிப்பை நீயே திரும்பக் கேட்டு வாங்கிவிட்டு, அந்த இடத்தில் வேறு ஒன்று எழுதிக் கொடு. பனங்காட்டில் பதநீர்க் காலத்தில் செந்தொண்டை ஈப்பிடிப்பான் விடிலியில் கரி பூசிக்கொண்டு காஷ்மீர் வேஷம் போடும், பார்க்கிறவர்கள் ஏமாறவேண்டாம், குளிக்கிறவரை பொறுத்திருந்து பார்க்கவும் என்று எழுது. சிரிக்காதே, நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் குருவி பார்க்க வருகிறவன் எவனும் இதே கண்ணியில் விழுவான். உன் ஆபீசில் உள்ள பெரியவர்கள் எத்தனை புஸ்தகம் படித்திருந்தாலும் அவர்கள் ஊரில் விடிலி இல்லை. இதை எழுத அங்கே உன்னை விட்டால் ஆள் கிடையாது.

ராஜினாமா விஷயம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ வந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம்தான். உன் அப்பா ஏற்கெனவே ஆறுமுகநேரியில் உப்பளக் கம்பெனியில் வேலை பார்க்கிற சிநேகிதரிடம் உனக்காக ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார், நான் கையெழுத்துப் போடாததும் ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்று இப்போது அவருக்குள் ஒரு ஆசை ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தால் உன் தட்டு இல்லாமல் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. ஆனால் எனக்காக நீ வரவேண்டுமானால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா, ஒரு தடவை தப்பாகப் போனதற்காக ஓடி வராதே. அவர்கள் அநியாயம் பண்ணியிருந்தால் நானே உன்னை வரச் சொல்லியிருப்பேன், இங்கே நடந்தது அநியாயம் இல்லை. நீ குருவி பார்க்கத் தெரியாதவன் என்று ஊரே சொன்னாலும் நான் நம்பமாட்டேன். கோணல் காலைக் கவனித்தது யார்? அந்தக் காலை நீ காட்டாவிட்டால் நான் இந்த வருஷம் வந்தது வேறு குருவி என்று சொல்லி, உன் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தப்பை அச்சில் ஏற்றியிருப்போம்.

கிருபை வீட்டுக்காரர் அடுத்த வாரம் மதராஸ் போகிறார், அவரிடம் புதுக் கருப்பட்டி ஒரு ஓலைக் கொட்டானும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் கொடுத்து விடுகிறேன், அங்கிருந்து பார்சலில் அனுப்புவார். கருவாட்டை அறையில் திறந்து வைத்துப் பக்கத்து அறைக்காரர்களிடம் பேச்சு வாங்காதே. வேளைக்குச் சாப்பிடு. கூட்டம் கூடுகிற இடத்துக்குப் போகாதே. நாசரேத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது, பெண் டீச்சர் டிரெயினிங் முடித்திருக்கிறாள், அதைப் பற்றி நீ வாயைத் திறந்தால்தான் நான் மேற்கொண்டு பேசமுடியும். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார், பெரியவர்கள் முன்னால் உனக்குத் தயவு கிடைக்கப் பண்ணுவார். பகல் முழுவதும் உன் அப்பா என்னோடு பேசவில்லை, இப்போது இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்ட அவரே எடுத்து வைத்திருக்கிறார், அவர் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்லுகிறார்.

மறந்துவிடாதே, இதை உன் துரையிடம் காட்டு. கோபம் வந்தால் ஒரு நாள் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் காட்டு. தமிழ் தெரியாதவர் என்றால் நீயே உட்கார்ந்து வரிக்கு வரி வாசித்துச் சொல், விடிலி என்றால் என்னவென்றும் சொல். நீ கோடு போட்டு அனுப்பிய தாளை நான் கையெழுத்துப் போடாமல் இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்தை இங்கே போடுகிறேன்.

இப்படிக்கு,
நீ கேட்ட இரண்டாவது சாட்சி,
உன் அம்மா,
தேவகனி.